ஆறு வோல்ட் ரேடியோவும் பன்னிரண்டு வோல்ட் வண்டியும்

என் கணவருக்கு இரண்டு விஷயங்களில் பைத்தியம். ஒன்று அவருடைய கார். இன்னொன்று அந்தக் காரில் இருக்கும் ரேடியோ. மூன்றாவது நீங்களா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் காபி கிடைக்கவில்லை.

வங்காளிகள் ஊரில், லேக் கார்டன்ஸ் என்கிற பேட்டையில் ஒரு நாலு மாடிக் கட்டிடத்தில் இருக்கிறோம். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஆளுக்கு ஒரு பங்கு. எங்கள் பங்கு முழுவதும், அடுத்தவர் பங்கில் ஒரு முழமும் சேர்த்து, அவருடைய கார் படுத்துக் கிடக்கிறது. நான் தினமும் ஓட்டுகிற சின்னக் கார் தெருவில் வெயிலில் காய்கிறது.

இவருடையது ஐம்பதுகளில் வந்த அமெரிக்கக் கார், ஸ்டியரிங் மட்டும் நம் ஊர் வழக்கப்படி வலது பக்கம். இவரோடு வேலை பார்த்த ஒரு அதிகாரி மாற்றலாகிப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் அப்படித்தான் சொல்வேன். நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று இவர் சொல்வார்.

அந்தக் காலத்துக் காருக்கு ஆறு வோல்ட் பேட்டரி. இப்போது வருகிற எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு. ஆறு வோல்ட்டில் அந்த வண்டி அரை உயிரோடுதான் நடமாடும். ஹெட்லைட் ஊதுபத்தி முனை. ஹாரன் சளி பிடித்த ஆடு. குளிர்காலத்தில் ஸ்டார்ட் பண்ணினால் விட்டுவிடு, விட்டுவிடு என்று முனகும்.

ரேடியோ மட்டும் அப்படி இல்லை. அது வால்வு ரேடியோ. குமிழைத் திருப்பினால் டயலில் மஞ்சள் வெளிச்சம் வரும். டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். வால்வு சூடேறும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு குரல் வரும். அந்தக் குரலுக்கு ஒரு கனம் உண்டு. போனில் வருகிற குரல் அதற்குப் பக்கத்தில் வெறும் தகரம். இதை நான் அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது.

மஹாலயா அமாவாசை அன்று விடியும் முன்னே இந்த ஊர் முழுக்க ரேடியோவில் சண்டி பாராயணம் கேட்கும். எங்கள் கட்டிடத்தில் இவர் காரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நாலு கதவையும் திறந்து வைப்பார். மாடியிலிருந்து பௌதிகள், அதாவது வங்காளி அண்ணிமார்கள், எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்கள். போனில் கேட்டால் கணக்கில் சேராதாம். அந்த ஒரு முழ இடத்துக்குச் சொந்தக்காரரான பக்கத்து ஃப்ளாட் தாதாவுக்கு (வங்காளியில் தாதா என்றால் அண்ணா) முன் சீட்டு. இடத்தைப் பற்றி அவர் வாயே திறக்காததற்கு அந்த முன் சீட்டுதான் காரணம்.

பிறகு இவர் ஹெட்லைட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தார். வெளிச்சம் பத்தவில்லை, ரோடு தெரியவில்லை. இத்தனை வருஷம் அதே ஊதுபத்தியில் ஓட்டியவர்தானே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். "அப்போ தெருவுல இவ்வளவு வண்டி கிடையாது" என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. நான் விட்டுவிட்டேன்.

டாக்குரியா பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக் வண்டியைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். பேட்டரி, டைனமோ, பல்புகள், ஹாரன் எல்லாம் புதுசு. ரேடியோவை மட்டும் அவர் தொடவில்லை. ஆறு வோல்ட் ரேடியோவுக்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் புகைந்துவிடும். அதனால் ரேடியோவுக்குப் போகும் கம்பியில் இருந்த கண்ணாடி ஃபியூஸைக் கழற்றி இவர் கையில் கொடுத்து, "இதைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

லைட் பளீரென்று வந்தது. ரேடியோ செத்தது. அடுத்த மஹாலயாவுக்கு எல்லாரும் வழக்கம்போல நாற்காலியோடு இறங்கி வந்தார்கள். இவர் போனை டாஷ்போர்டில் வைத்தார். பௌதிகள் சீக்கிரம் எழுந்து போனார்கள்.

இவ்வளவு வெளிச்சம் வந்த பிறகும் இவர் எங்கள் கேட்டுத் தூணில் வண்டியை உரசினார். பட்டப்பகலில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். க்ளாகோமா. நேராக இருப்பது நன்றாகத் தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கலாம் என்றார் டாக்டர். பகலில், காலியான ரோட்டில், பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்ச நாள் ஓட்டலாம், பிறகு விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். "கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்பது இவர் காதில் விழுந்தது. "விட்டுவிட வேண்டும்" என்பது என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். தெரியவில்லை என்று சொல்வதற்கு என்ன, வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டேன். லைட்டைக் குறை சொல்லி, வண்டியைப் பிரித்து, பிரியமான ரேடியோவையும் பலி கொடுத்து, இத்தனையும் எதற்கு? கண் தெரியவில்லை என்கிற வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்கு. கத்தி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தனியாக நின்றேன். அவ்வளவுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வீட்டுக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றி ஒரு சுற்று. அவர் ஓட்டுவார், நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவேன். "இடது பக்கம் சைக்கிள். வலது பக்கம் ரெண்டு பேர் நடக்கறாங்க. நாய். நாய் போயிடுச்சு." அவர் தலையைத் திருப்ப மாட்டார், என் குரலை வைத்துக்கொண்டே ஓட்டுவார். நான் தும்மினால்கூட பிரேக் போடுவார். அந்த ஒரு சுற்றுக்குள் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்துவிடுவேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. சொன்னால் தனியாகப் போய்விடுவார்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். இவர் ஜாங்கிரி கேட்கிற குழந்தை மாதிரி, "ஒரே ஒரு தடவை மட்டும்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "இந்தப் பேச்சு என் காதில் விழவில்லை" என்று சொல்லிவிட்டு டாக்டர் மருந்து எழுத ஆரம்பித்தார்.

வரும் வழியில் டாக்ஸியில் இவர் சொன்னார்: "கடைசித் தடவை ஓட்டும்போது ரேடியோ பாடணும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. ரேடியோ போனதிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம். நான், இவர், பக்கத்து ஃப்ளாட் தாதா. தாதா முந்திக்கொண்டார்.

"இதில் என்ன கஷ்டம்? பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பாதியிலிருந்து மட்டும் கம்பி எடுத்தால் ஆறு" என்றார் வங்காளியில்.

"ஒரு பாதி தேய்ஞ்சு சாகும், மறு பாதி வீங்கிச் சாகும் தாதா" என்றேன். "அதோட இப்போ வர பேட்டரியெல்லாம் மேல மூடி வச்சு ஒட்டினது. பாதியை எங்க போய்த் தேடுவீங்க?"

"அப்போ நடுவில் ஒரு ரெசிஸ்டர்."

"ரேடியோ எவ்வளவு தின்னுதோ அவ்வளவையும் அது தின்னும். தின்னு அவ்வளவையும் சூடாக் கக்கும். டாஷ்போர்டுக்குக் கீழ இஸ்திரிப் பெட்டியைக் கட்டி வச்ச மாதிரி இருக்கும்."

தாதா தன் டீயைக் குடித்தார். "பௌதி இருக்கும்போது நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது" என்று இவரிடம் சொன்னார்.

பன்னிரண்டை ஆறாக இறக்குகிற கன்வர்ட்டர் பெட்டி ஒன்று வாங்கி நடுவில் வைத்தால் முடிந்தது என்றேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ரேடியோவைத் தொடவே வேண்டாம்.

இவர் உடனே முறுக்கிக்கொண்டார். "அந்த டப்பா கிர்ருன்னு இரையும். மீடியம் வேவ்ல பேச்சை விட இரைச்சல்தான் கேக்கும். என் வண்டிக்குள்ள அதெல்லாம் வராது. ரேடியோவையே பன்னிரண்டுக்கு மாத்திடலாம். காளிகாட்ல ஒருத்தர் பண்றார். ட்ரான்ஸ்ஃபார்மரை மறுபடி சுத்தி, வால்வையும் மாத்திக் கொடுப்பார்."

"பண்ணுவார். பிரிப்பார். திரும்ப மாட்டும்போது நாலு திருகு மிச்சம் இருக்கும். இருக்கிற ரேடியோவும் போகும்."

"உனக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது."

"உங்க மேல இருந்துது. கேட்டுத் தூண்ல இடிச்சு அதுவும் போச்சு."

தாதா எழுந்து செருப்பைத் தேடினார்.

"விடு" என்றார் இவர்.

"விட்டாச்சு" என்றேன் நான்.

எங்கள் வீட்டில் "விடு" என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். சண்டை முடிந்தது, இனிமேல் அவரவர் நினைத்ததை அவரவர் ரகசியமாகச் செய்துகொள்வார்கள் என்று அர்த்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். தண்ணீர் ஃபில்டரில் எது வாங்குவது என்று ஒருமுறை சண்டை போட்டு, கடைசியில் இப்படி விடு என்று முடித்தோம். ஒரே வாரத்தில் சமையலறையில் இரண்டு ஃபில்டர் வந்து சேர்ந்தன. இன்றைக்கும் அவர் அதில் பிடித்துக் குடிப்பார், நான் இதில் பிடித்துக் குடிப்பேன். இவ்வளவு அனுபவம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

ரேடியோ சண்டைக்குப் பிறகு நான் சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வந்தேன். வந்ததும் இவர் ரொம்பச் சாதுவாக இருந்தார். பாத்திரம்கூடத் தேய்த்து வைத்திருந்தார். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, என் மூளை என்னுடைய ரகசியத்தில் இருந்தது.

ஊருக்குள் எலக்ட்ரிக் சாமான் விற்கிற சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரரிடம் ரேடியோ எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கணக்குச் சொல்லி, அதற்கு மேலேயே தாங்குகிற கன்வர்ட்டராகக் கேட்டேன். "வீட்டுக்காரருக்கா?" என்றார். "எனக்கு" என்றேன். உள்ளே போய் நல்லதாக ஒன்றை எடுத்து வந்தார்.

இவரும் தாதாவும் சாயங்காலம் முனை டீக்கடைக்குப் போனால் சுலபத்தில் திரும்ப மாட்டார்கள். அந்த நேரத்தில் கீழே போய்க் காரின் உறையை நீக்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை. ரேடியோவுக்குப் போகும் கம்பியில் ஃபியூஸ் கூடு காலியாகத் தொங்கியது. அதற்கும் ரேடியோவுக்கும் நடுவில் கம்பியை வெட்டி, பெட்டியைச் சேர்த்து, உள்ளே மேலாகத் தள்ளிக் கட்டினேன். கூட்டில் நான் வாங்கி வந்திருந்த ஃபியூஸைப் போட்டு, பழைய ஆறு வோல்ட் பல்ப் ஒன்றை வைத்துப் பார்த்தேன். அழகாக எரிந்தது. ஃபியூஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கம்பியை ரேடியோவோடு சேர்த்தேன். இனி ஒரு தடவை ரேடியோவையே போட்டுப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

கேட்டில் தாதாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக வெளியே ஊர்ந்து வந்தேன்.

"என்ன பண்றே இங்க?" என்றார் இவர்.

"கம்மல் விழுந்துடுச்சு. தேடறேன்."

"கார்லயா?"

"வேற எங்க? எப்பவோ ஒரு ஞாயித்துக்கிழமை விழுந்திருக்கும்."

இரண்டு பேரும் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார்கள். கம்மல் என் காதிலேயே இருந்தது. தாதா நிமிர்ந்தபோது பார்த்துவிட்டார். மறுபடி குனிந்து தேடினார். இவர் எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சீட்டு இடுக்கில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இவருக்கு என் காது தெரியவில்லை.

பல்ப் எரிந்தால் ரேடியோவும் பாடும் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். லேபில் எந்தப் பெண்ணாவது இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

கடைசிச் சுற்றுக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜனவரி மாதக் குளிர், பனிமூட்டம் விலகிய பிறகுதான் போக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மேலே தாதா பால்கனியில் தலையில் குரங்குக் குல்லாவோடு நின்று கை காட்டினார். வழக்கம்போல நான் சொல்லிக்கொண்டே வந்தேன், இவர் என் குரலுக்கு ஓட்டினார். ஏரிக்கரை ரோட்டில் மரநிழலில் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

நான் கைப்பையைத் திறந்து ஃபியூஸை எடுப்பதற்குள் இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்தார். குனிந்து, கையால் தடவிப் பார்த்து, கூட்டுக்குள் போட்டார்.

பெட்டி வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். கண்டுபிடித்தும் கழற்றி எறியாமல் ஃபியூஸ் போடுகிறார் என்றால் என் யோசனையை ஏற்றுக்கொண்டுவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவை. என் ஃபியூஸை உள்ளேயே விட்டுக் கைப்பையை மூடினேன்.

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். குமிழைத் திருப்பினார்.

டயலில் வெளிச்சம் வந்தது. ஆனால் அது வெளிச்சமே இல்லை. அணையப் போகிற அகல் மாதிரி ஒரு சிவப்பு. ரீங்காரம் இல்லை. காத்திருந்தோம். வால்வு சூடேறட்டும் என்று இவர் சொன்னார். இன்னும் காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. இவர் குமிழை அணைத்து மறுபடி போட்டார். அதே சிவப்பு.

இவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை எத்தனையோ தடவை அழவைக்கப் பார்த்திருக்கிறேன், முடிந்ததில்லை. அன்றைக்கு அந்த மூஞ்சியைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"பெட்டி சரியாத்தான் இருந்துது" என்றேன். "நான் பல்ப் வச்சுப் பாத்தேன். ரேடியோதான் போயிருக்கு. வருஷக்கணக்கா சும்மா கிடந்தா போகத்தானே செய்யும்."

"ரேடியோ போகலை. அங்க பாடிச்சு. நான் என் காதால கேட்டேன்" என்றார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார். "எந்தப் பெட்டி?"

"எங்க பாடிச்சு?" என்றேன் நான்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் சென்னையில் இருந்தபோது இவர் ரேடியோவைக் கழற்றிக் காளிகாட்டுக்குக் கொண்டு போய், பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றித் திரும்பப் பொருத்திவிட்டார், ஃபியூஸ் போடுவதை மட்டும் இந்த நாளுக்கென்று விட்டு வைத்திருந்தார். நான் வந்து, பன்னிரண்டு கேட்கிற ரேடியோவுக்கு ஆறை மட்டும் கொடுக்கிற பெட்டியை வைத்துவிட்டேன். அரைப் பட்டினி போட்டால் எது பாடும்?

"ரெண்டு ஃபில்டர்" என்றார் இவர்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. இவர் முதலில் முறைத்தார், பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். நடைப்பயிற்சிக்கு வந்த வங்காளிகள் சிலர் நின்று பார்த்தார்கள். இந்த ஊரில் ஒரு வண்டி நின்றால் நாலு பேர் கருத்துச் சொல்லாமல் போகக் கூடாது என்று சட்டம். கார்புரேட்டரில் தண்ணீர் புகுந்திருக்கும் என்றார் ஒருவர். பெட்ரோலில் கலப்படம் என்றார் மஃப்ளர் கட்டிய இன்னொருவர். "ரேடியோ பாடலை" என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் ஒரே குரலில், "ஓ, அப்படியானால் நாங்கள் இருக்கிறோம்" என்று அங்கேயே நின்றுகொண்டார்கள்.

டிக்கியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மறுபடி டாஷ்போர்டுக்குக் கீழே படுத்தேன். ஏரிக்கரையில், நாலு பேர் பார்க்க, இந்த வயசில். பெட்டியைக் கழற்றி இவர் மடியில் போட்டேன். வெட்டிய கம்பியை நேராக முறுக்கி டேப் சுற்றினேன். "போடுங்க" என்றேன் கீழே இருந்தபடியே.

குமிழ் திரும்பிய சத்தம் கேட்டது. வண்டு ரீங்காரமிட்டது. நான் எழுந்து உட்கார்ந்தபோது டயல் மஞ்சளாக இருந்தது. பிறகு குரல் வந்தது. அந்தக் கனத்த குரல், வங்காளியில், உருளைக்கிழங்குச் செடியில் வரும் கருகல் நோயைப் பற்றிப் பேசியது. இலையில் புள்ளி விழுந்தால் என்ன மருந்தை எப்போது தெளிக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னது. இவர் அதைச் சங்கீதம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மஃப்ளர்காரர், "குரல் பாருங்கள், குரல்" என்றார். எனக்கும் அந்தக் கிழங்கு விஷயம் அவ்வளவு அழகாக இருந்தது. காளிகாட்காரர் ஒரு திருகுகூட மிச்சம் வைக்கவில்லை போலிருக்கிறது.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அவர் கேட்டது இதுதான். ரேடியோ பாட, அவர் ஓட்ட, ஒரு சுற்று. நான் என் வேலையை ஆரம்பித்தேன்.

"இடது பக்கம் ரெண்டு பேர்."

"என்ன?"

"ரெண்டு பேர். இடது பக்கம்."

"சரி, சரி. கத்தாதே, கேக்க விடு."

கொஞ்ச தூரம் போனோம். ரேடியோவில் யாரோ ஒரு விவசாயி சந்தேகம் கேட்டார். வலது பக்கச் சந்திலிருந்து காய்கறி மூட்டையோடு ஒரு மூன்று சக்கர சைக்கிள் வேன் வெளியே வந்தது. நான் சொன்னேன். இவர் காதில் விழவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். பிறகு நான் கையை நீட்டி அவர் தோளை இறுகப் பிடித்தேன். இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்ற இடத்துக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. வேன்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனார்.

நான் திட்ட வாயெடுத்தேன். இவருடைய கை ரேடியோ குமிழுக்குப் போனது. அணைக்கப் போகிறார் என்று தெரிந்தது. அணைத்தால் என் குரல் கேட்கும், ஓட்டலாம். அணைக்காவிட்டால் ஓட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து கிடையாது. அந்தக் கை குமிழ் மேலேயே இருந்தது. விவசாயி தன்னுடைய சந்தேகத்தைக் கேட்டு முடித்தார். நிபுணர் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

இவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் முன்பக்கமாக, பானெட்டைக் கையால் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார்.

"தள்ளு" என்றார்.

"எங்க?"

"அந்தப் பக்கம். நீ ஓட்டு."

அந்த ஸ்டியரிங்கை நான் தூசி தட்டத் தொட்டாலே கூச்சல் போட்டவர் இவர். வண்டி வந்ததிலிருந்து என்னை அந்தச் சீட்டில் உட்கார விட்டது கிடையாது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன். சீட்டு இவர் உருவத்துக்குக் குழிந்திருந்தது. என் கால் பெடலுக்கு எட்டவில்லை. என் கைப்பையையும் சால்வையையும் முதுகுக்குக் கொடுத்துக்கொண்டேன்.

"கியர் ஸ்டியரிங் பக்கத்துல இருக்கு. உன் பக்கமா இழுத்துக் கீழ. அது ஃபர்ஸ்ட்" என்றார்.

"தெரியும். இத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

தெரியவில்லை. வண்டி இரண்டு தடவை குதித்து நின்றது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்து இரண்டு வார்த்தை வங்காளியில் சொன்னேன், ஆட்டோ ஒதுங்கிப் போனது. மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது. கியர் மாற்றும்போது தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. இவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் ரேடியோவுக்குப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, டயலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இரைச்சலைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

ஏரியை ஒரு சுற்று முடித்தேன். வீட்டுப் பக்கம் திருப்பாமல் டாக்குரியா பாலம் வரை போனேன். இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வராமல் நான் அந்த வண்டியில் உட்கார்ந்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான். இவரும் அன்றைக்குத்தான் ஜன்னலுக்கு வெளியே சும்மா பார்த்துக்கொண்டு வந்தார். நேராக எதிரில் தெரிவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலத்துக்குக் கீழே மீன்காரர்கள் வரிசையைப் பார்த்தார். ஒரு பிள்ளையார் அளவுக்கு வயிறு வைத்த டிராஃபிக் போலீஸைப் பார்த்தார். "இந்த ரோட்ல இவ்வளவு கடை எப்போ வந்துது?" என்று கேட்டார்.

உருளைக்கிழங்கு முடிந்து சந்தை நிலவரம் வந்தது. வெங்காய விலையைக் கேட்டு இவர் "அடப்பாவி" என்றார்.

வீட்டுக்கு வந்து, தூணில் படாமல் உள்ளே விட்டு, இஞ்சினை நிறுத்தினேன். இவர் இறங்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் எடுப்பியா?" என்றார், டயலைப் பார்த்துக்கொண்டே.

"க்ளட்ச் அரிசி மூட்டை மாதிரி கனக்குது. அதை முதல்ல சரி பண்ணச் சொல்லுங்க. அப்புறம் பாக்கறேன்."

"டாக்குரியா மெக்கானிக்கிட்ட நாளைக்கே சொல்றேன்."

"நாளைக்கு வேண்டாம். நானும் கூட வந்து நிக்கற நாளாப் பாத்துப் போகலாம். நீங்க தனியாப் போனா வேற எதையாவது கழட்டிட்டு வருவீங்க."

"விடு" என்றார்.

"விட முடியாது" என்றேன்.